இளநீர் நிறத்துப் பெட்ரோல்

உங்கள் அக்காவுக்கு எந்தக் கண், தம்பி? இடதா? எனக்கு வலது. ஆபரேஷன் ஆன பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் ஒரு தலையணையை அண்டை கொடுத்து வையுங்கள். தூக்கத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

கட்டுப் பிரிக்க டாக்டர் இதோ வந்துவிடுவார் என்கிறார்கள். விடிந்ததிலிருந்து இதையேதான் சொல்கிறார்கள். வரட்டும். எனக்கு அவசரம் இல்லை. கண் தெரிந்து போய்ப் பார்க்க வேண்டியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

காலையில் கழிவறை எங்கே என்று உங்களைக் கேட்டேன். நீலத் திரைக்குப் பின்னால் என்று சொன்னீர்கள். தேடினேன், தம்பி. இந்த வார்டில் நீலத் திரை கிடையாது. அதோ சாம்பல் திரை ஒன்று தொங்குகிறது, அதன் பின்னால்தான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், பரவாயில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. நிறத்தைச் சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பழக்கம். செய்த தொழில் அப்படி.

என்ன தொழிலா? பெட்ரோல் போட்டேன். சிரிக்காதீர்கள், பங்கில் இல்லை. விமானத்துக்கு.

எங்கள் ஊர்ப் பக்கம், கரிசல் காட்டு நடுவில், வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்ட ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. அதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வடக்கேயிருந்தெல்லாம் வந்து படித்தார்கள். நான் எட்டாம் வகுப்பு. வாட்ச்மேனாகத்தான் சேர்ந்தேன். கை சுத்தம், வாயும் அதிகம் திறக்காது என்று பார்த்துப் பெட்ரோல் கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. சரியாகச் சொன்னால் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது என்று சொல்லக்கூடாது.

நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய விமானம் இல்லை. மதுரையில் வந்து இறங்குகிறதே, அது குடிப்பது மண்ணெண்ணெய் ஜாதி. எங்களுடையது நாலு பேர் உட்காருகிற சின்ன விமானம். மூக்கில் ஒரு விசிறி, உள்ளே காரில் இருப்பது போல பிஸ்டன் இன்ஜின். அதற்கென்று தனிப் பெட்ரோல் இருக்கிறது, ஏவ்கேஸ் என்பார்கள். வேறு எதனோடும் குழம்பிவிடக்கூடாது என்று அதில் நீலச் சாயம் கலந்து அனுப்புவார்கள். கருநீலம் இல்லை. வேட்டிக்கு நீலம் போட்டுவிட்டுக் கடைசியாக அலசுகிற தண்ணீர் இருக்கும் பாருங்கள், அந்த நீலம். அது இருந்தால் ஊற்றலாம். இல்லாவிட்டால் பீப்பாயில் இருப்பது வேறு ஏதோ. அந்த மண்ணெண்ணெய் ஜாதியை எங்கள் இன்ஜினில் தெரியாமல் ஊற்றிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? குழாயில் மிச்சம் கிடக்கிற நல்ல பெட்ரோலில் கிளம்பிவிடும். ஓடும். எழும்பவும் எழும்பும். வேலிக்கருவை உயரம் தாண்டினதும் நின்றுபோகும். அங்கே ஓரம்கட்டி நிறுத்த முடியாது, தம்பி.

அதனால் பள்ளியை ஆரம்பித்தவர் ஒரு வழக்கம் வைத்தார். விமானம் கிளம்பும் முன்னால், இறக்கைக்கு அடியில் இருக்கிற சின்ன வால்வை அழுத்தி, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பேன். ஒரு வெள்ளை ஓட்டுச் சில்லுக்கு முன்னால் வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "நீலம்" என்று சத்தமாகச் சொல்வேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் குழாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், "நீலம்" என்று. தமிழே தெரியாத பிள்ளைகளும் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டுதான் மேலே போவார்கள். ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஆகாமல் விசிறி சுற்றாது. அதை ஆரம்பித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கத்தை யாரும் தொடவில்லை.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஊமையோ என்று என் மாமனார் சந்தேகப்பட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் ஓடுபாதை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கும். இது யார் குரல் என்று.

வாசலில் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு? என்னோடு வந்தவர்தான். உறவு இல்லை. பெயர் ஞானதிரவியம். அதே பள்ளியில் மெக்கானிக். காபி கொண்டு வந்திருக்கிறான். நான் தொடவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எப்படிப் பேச? நான் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

ரொம்ப நாள் பழக்கம்தான். அவன் இன்ஜினைப் பார்ப்பான், நான் பெட்ரோலைப் பார்ப்பேன். மத்தியானம் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் வீட்டு மீன் குழம்பு, என் வீட்டுப் புளிச்சோறு. என் வீட்டுக்காரி போன பிறகு இரண்டு பேருக்கும் அவன் வீட்டிலிருந்தே வந்தது. அத்தனை இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறினதில்லை. அவன் மனைவி ரோசம்மாளுக்குப் பயம். மேலே ஏற மாட்டேன் என்று அவனை வேதத்தின் மேல் கைவைத்துச் சொல்ல வைத்துவிட்டாள். பிள்ளைகள் கேலி செய்வார்கள், "திரவியம் சார், நீங்க பூட்டின இன்ஜின்மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று. "நம்பிக்கை இன்ஜின்மேல இருக்குடே, பூமிமேல ஆசை அதிகம்" என்பான். அப்படி நயமாகப் பேசுகிறவன். அவன் அப்படிச் செய்வான் என்று யார் நினைத்தது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடை. அந்த வருஷம் எதுவுமே சரியில்லை, தம்பி. மழை கிடையாது. வானமே வெளுத்துப்போய், பழைய வெள்ளை வேட்டி மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. எல்லாவற்றிலும் கலப்படம். பள்ளியில் எல்லோருக்கும் புது யூனிபார்ம் துணி எடுத்துத் தைத்தார்கள். நீலச் சட்டை. தையல்காரன் கொண்டுவந்து கொடுக்கிறான், பார்த்தால் சாணிப் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம். "இதுவா நீலம்?" என்று கேட்டேன். "ஒரே துணித் தான்ல வெட்டினது அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சத்தியம் செய்தான். மற்றவர்கள் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கு அக்கறை? பேனா வாங்கினால் மையில் நிறம் இல்லை. சொட்டு நீலம் வாங்கினால் வேட்டியில் ஏறவில்லை. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நியாயத்தைக் கேட்டால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

அந்தக் கோடையில் ஏவ்கேஸ் வருவது நின்றுபோயிற்று. வழக்கமாகச் சப்ளை செய்கிற இடத்தில் ஏதோ தடை. பீப்பாய்கள் காலியாகிக்கொண்டே வந்தன. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் பெள்ளியப்பா, குடகுக்காரர், தங்கமான மனிதர், எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "வெளிநாட்டில் சில இடத்தில் இந்த மாதிரி இன்ஜினுக்குக் கார் பெட்ரோல் ஊற்ற அனுமதி வாங்கி ஓட்டுகிறார்களே, நாமும் கேட்டுப் பார்த்தால் என்ன?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் திரவியமே சொன்னான், "வேண்டாம் சார். இப்ப பங்க் பெட்ரோல்ல கரும்புச் சாராயம் கலக்காங்க. ரப்பர் வாஷரை எல்லாம் தின்னுப்போடும். தண்ணியையும் இழுத்து வச்சுக்கும். போதாததுக்கு இந்த வெயில்ல குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைச்சுக்கிட்டா, மேல போன பிள்ளை என்ன செய்யும்?" நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். கேப்டன் விட்டுவிட்டார். அன்றைக்கு அவன் எவ்வளவு ஒழுங்காகப் பேசினான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் பின்னால் நான் யோசித்தேன். அவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் இல்லையா?

கொஞ்ச நாளில் வேறொரு இடத்திலிருந்து புதுப் பீப்பாய்கள் வந்து இறங்கின. லாரியை அழைத்துக்கொண்டு வந்தது திரவியம்தான். மறுநாள் காலை குழாயில் பிடித்தேன். ஓட்டுச் சில்லுக்கு முன்னால் வைத்தேன்.

இளநீர் மாதிரி இருந்தது, தம்பி. நீலம் மருந்துக்குக்கூட இல்லை.

விமானத்துக்குள்ளே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். முதல் தடவையாகத் தனியாகத் தொலைதூரம் போகிற நாள் அவளுக்கு. நான் சொல்லுவேன், தான் திருப்பிச் சொல்லலாம் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் சொல்ல முடியவில்லை. இறங்கச் சொன்னேன்.

திரவியம் வந்தான். குழாயை வாங்கிப் பார்த்தான். "என்னவே பரமு, இது நீலம் இல்லாம வேற என்ன?" என்றான். என் பெயர் பரமார்த்தலிங்கம். அவன் ஒருவன்தான் பரமு என்பான்.

"வெளையாடாதீரும்வே" என்றேன்.

"நான் எங்க வெளையாடுதேன்? நீருதான் காலங்காத்தால வெளையாடுதீரு. நல்லாப் பாரும்."

நன்றாகத்தான் பார்த்தேன். நிழலில் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன். பார்வையில் கோளாறு என்று நினைக்காதீர்கள். இந்தப் புகை மூட்டமெல்லாம் இப்போது வந்தது. அந்த வருஷம் என் கண் முன்னைவிட நன்றாகவே இருந்தது. அதுவரை படிக்கப் போட்டுக்கொண்டிருந்த கண்ணாடியையே கழற்றி வைத்துவிட்டேன், தேவைப்படவில்லை. கேப்டன் ரொம்பத் தயங்கி, "பரமார்த்தலிங்கம், ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வரலாமே" என்றார். கேன்டீனில் போய் ஊசியும் நூலும் வாங்கி வந்து, அவர் முன்னாலேயே ஒரே தடவையில் கோத்துக் காட்டினேன். தீப்பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன்.

அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவன் இல்லை நான். சோதனை எல்லாம் செய்தேன். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஜாதியாக இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். நிற்கவில்லை, சுத்தமாக உலர்ந்துபோயிற்று. சரி, அப்படியானால் பங்க் பெட்ரோல். பாட்டிலில் கோடு போட்டு, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மேலே இதை ஊற்றிக் குலுக்கி வைத்தேன். சாராயம் இருந்தால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு மேலே ஏறும். ஏறவில்லை. மிதவைக் கோலைப் போட்டு அடர்த்தி பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. பீப்பாய் மூடியில் முத்திரையும் உடையாமல் இருந்தது.

எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அதுதான் எனக்குச் சந்தேகத்தையே கிளப்பியது. நீங்களே யோசியுங்கள். ஒன்று இரண்டில் தவறினால் அது ஏமாளி செய்த கலப்படம். எல்லாவற்றிலும் தேறி, நிறம் மட்டும் இல்லை என்றால்? சோதனை என்னென்ன என்று தெரிந்தவன் செய்தது. பங்கில் வாங்கி, தண்ணீர் விட்டுக் குலுக்கி, சாராயத்தைப் பிரித்து எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறான். அது தெரிந்த ஆள் எங்கள் பள்ளியில் என்னை விட்டால் ஒருவன்தான்.

இன்னொன்றும் இருந்தது. பழைய நல்ல பெட்ரோலில் ஒரு பாட்டில் எடுத்து, அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன், ஒப்பிட்டுப் பார்க்க. எதையும் தனியாகப் பார்த்துச் சொல்லக்கூடாது, பக்கத்தில் ஒன்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதைத் திறந்து எடுத்தேன். அதிலும் நிறம் இல்லை! அதையும் மாற்றியிருக்கிறான், தம்பி. அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அதை எப்படிச் செய்தான் என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

விமானம் ஓடவில்லை. பிள்ளைகள் கேன்டீனில் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள். அந்தப் பெண்பிள்ளை மட்டும் தினமும் காலையில் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வந்து விமானத்துப் பக்கத்தில் நிற்பாள். என்னை ஒன்றும் கேட்க மாட்டாள். சும்மா நிற்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். உன் உயிருக்காகத்தானம்மா என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

கேப்டன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினார். சமையல்காரர் நீலம் என்றார். வாட்ச்மேன் நீலம் என்றான். தபால் கொடுக்க வந்தவரைக்கூட விடவில்லை, அவரும் நீலம் என்றார். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்றால், சொல்லிக்கொடுக்காமலா சொல்வார்கள்? எனக்குச் சலித்துப் போயிற்று. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. நான் என்ன எனக்காகவா கேட்கிறேன்? மேலே போகிறது நானா?

கடைசியில் ஒருநாள் கேன்டீனில் எல்லோரும் இருந்தார்கள். திரவியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "பரமு, ஒமக்கு என்னவே ஆச்சு? எங்கிட்ட சொல்லும்" என்றான். அந்தக் கரிசனம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நாற்பது பேர் நடுவில் திறந்தேன்.

"ஒமக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கணும்வே. நல்ல பீப்பாயெல்லாம் எங்க? யாருக்குத் தள்ளிவிட்டீரு? பிள்ளைங்க உயிரை என்ன வெலைக்கு வித்தீரு?"

கேரம் காய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். கையைத் துடைத்தான். கேப்டனிடம் போய், "சார், இதே பெட்ரோலை ஊத்துங்க. நான் ஏறுதேன்" என்றான்.

மறுநாள் காலை, தம்பி. கேப்டன் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? திரவியம் குழாயில் பிடித்தான். என் வேலையை அவன் செய்தான். ஓட்டுச் சில்லை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேரே பிடித்தான். சத்தமாகச் சொன்னான், "நீலம்."

என் வாயையே பார்த்தான்.

"திருப்பிச் சொல்லும்வே. நீரு சொல்லாம நான் போகக்கூடாது. அதான வழக்கம்? நான் சொல்லிட்டேன். நீரு சொல்லும்."

குழாயில் பெட்ரோல் அலம்பிற்று. நான் பார்த்தேன். இளநீர்தான். எப்படிச் சொல்வேன்? இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? நான் சொல்லவில்லை.

அவன் திரும்பிப் போய், ஏறி உட்கார்ந்துகொண்டான். பெல்ட் போடத் தெரியவில்லை அவனுக்கு. ஊருக்கெல்லாம் பூட்டிக் கொடுத்தவன். கேப்டன்தான் குனிந்து போட்டுவிட்டார்.

விசிறி சுற்றினது. நான் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்காதீர்கள். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குப் பின்னாலேயே ஓடினேன். "திரவியம், எறங்கும்வே, எறங்கும்வே" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வேலிக்கருவை வரிசையைத் தாண்டி எழும்பிற்று. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கப் போகிறது, இப்போது நிற்கப் போகிறது என்று சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் போனது. இறங்கிற்று.

திரவியம் கீழே இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆபீசுக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருதடவை போய் வந்துவிட்டால் அது நல்ல பெட்ரோல் ஆகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள். அதற்கப்புறமும் அதையே ஊற்றி ஓட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். கடவுள் காப்பாற்றியிருக்கிறார். இல்லாவிட்டால் நான் கத்தினதில் பயந்து, அன்று ராத்திரியே நல்ல பீப்பாயைத் திரும்ப வைத்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பெண்பிள்ளை இப்போது ஏதோ பெரிய கம்பெனியில் விமானம் ஓட்டுகிறாளாம். நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ரோசம்மாள் மட்டும் கிறிஸ்துமசுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டாள். வேதத்தின் மேல் சத்தியம் செய்ததை அவன் மீறினதற்கு அவள் என்மேல் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. எனக்கு அதுவும் சங்கடமாக இருந்தது. பலகாரத்தைச் சாப்பிடவும் முடியவில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

இப்போது இந்தப் புரை முற்றிப்போய், போன மாசம் தெருச் சாக்கடையில் காலை விட்டு விழுந்துவிட்டேன். அவனுக்கு யார் சொன்னார்களோ, இந்த இலவச முகாமில் என் பெயரைக் கொடுத்துவிட்டு, நேற்றுக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். "கெளம்பும்வே" என்றான். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தான். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியாதா? மனசு உறுத்துகிறது. செய்ததற்குப் பரிகாரம் செய்கிறான். செய்யட்டும். எனக்கும் இப்போது சண்டை போடத் தெம்பில்லை.

நேற்று ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "பெரியவரே, இது இப்ப வந்த புரை இல்லை. ரொம்ப வருஷமா உள்ளே கொஞ்சங் கொஞ்சமா மஞ்சளாகிட்டே வந்திருக்கு. கிட்டத்தில் நல்லாத் தெரிஞ்சிருக்கும், அதனால நீங்க கவனிக்கல. நிறமெல்லாம் எப்பவோ மங்கியிருக்கணுமே?" என்றார். எனக்கு நிறமெல்லாம் சரியாகத்தான் தெரிகிறது என்றேன். திரவியம் என் பின்னால் நின்றான். என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவன், சட்டென்று வெளியே போய்விட்டான். ஆபரேஷன் முடிந்து என்னைக் கொண்டுவருகிற வரைக்கும் ஆளைக் காணோம். வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அவனுக்கு என்ன வந்தது? கண் என்னுடையது.

வருகிறார்கள். டாக்டர் வருகிறார். உங்கள் அக்காவை எழுப்புங்கள்.

ஆமாம் டாக்டர், வலது. வலி இல்லை. கொஞ்சம் உறுத்துகிறது, மணல் விழுந்த மாதிரி. மெதுவாக, சிஸ்டர், மீசையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ம். திறக்கிறேன். விரலா? மூன்று. இது இரண்டு. உங்கள் முகம் தெரிகிறது டாக்டர். சின்னப் பையனாக இருக்கிறீர்களே. சரி. தண்ணீர் படக்கூடாது. குனியக்கூடாது. சரி.

தம்பி.

இந்தத் திரையை எப்போது மாற்றினார்கள்? நாம் பேசிக்கொண்டிருந்தபோதா? மாற்றவில்லையா? ராத்திரியும் இதேதானா?

கொஞ்சம் பொறுங்கள். எதையும் தனியாகப் பார்த்துச் சொல்லக்கூடாது. பக்கத்தில் ஒன்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தொடவில்லை சிஸ்டர், கையை எட்டத்தில் மறைப்பாகத்தான் பிடிக்கிறேன். வலதை மறைக்கிறேன். இது பழைய கண். சாம்பல். சரி. இப்போது பழைய கண்ணை மூடுகிறேன். வலது.

இன்னொரு தடவை. சாம்பல். இது.

இன்னொரு தடவை.

உங்களுக்கு அது என்ன நிறம், தம்பி? உங்கள் கண் நல்ல கண். ஆமாம், காலையிலேயே சொன்னீர்கள். நான்தான் இல்லை என்றேன்.

அந்த ஜன்னல் கதவைக் கொஞ்சம் தள்ளுகிறீர்களா? போதும். வானம் இப்படியா இருக்கிறது? தினமும் இப்படித்தானா? கரிசல் காட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? அந்தக் கோடையிலும்.

இல்லை சிஸ்டர், ஒன்றும் இல்லை. மருந்துதான் வழிகிறது. தண்ணீர் வரக்கூடாதா? சரி. வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி, ஒரு உதவி. வாசலில் பெஞ்சில் இருக்கிற ஆளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். உரக்கக் கூப்பிடுங்கள், காது மந்தம். இன்ஜின் பக்கத்திலேயே கிடந்த காது. திரவியம் என்று சொல்லுங்கள். பரமு கூப்பிடுகிறான் என்று சொல்லுங்கள்.

வருகிறான். பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறான். போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தீர்களா? அந்தத் தையல்காரன் தைத்தானே, அதே யூனிபார்ம் சட்டை. நேற்று பஸ்ஸிலும் இதைத்தான் போட்டிருந்தான். என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான்.

"என்னவே, தெரியுதா?" என்கிறான்.

நீலம்!

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வார்டே திரும்பிப் பார்க்கிறது. உங்கள் அக்கா பயந்துவிட்டார்களா? ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள், தம்பி. பாக்கி இருந்த ஒரு சொல்.

அவன் ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறான் என்று பார்க்கிறீர்களா? அவன் சொல்ல வேண்டியதில்லை. அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான்.